வாசற்படி ஏறிய சிகிச்சை: முதியோர் மனச்சோர்வும் வீட்டுப் பராமரிப்பும்

1982-இல் மதுரை மனநல மருத்துவர் அ. வெங்கோபராவ், டி. மாதவனுடன் இணைந்து, மதுரையை ஒட்டிய ஒரு சிற்றூர்ப் பகுதியில் அறுபது வயதைக் கடந்தோரின் மனநிலையைக் கணக்கெடுத்து வெளியிட்டார். ஆயிரத்தில் ஏறத்தாழ 89 பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருந்தது. மனச்சோர்வு மட்டுமே ஆயிரத்துக்கு 60 என்ற அளவில் இருந்தது. ‘வயசானால் அப்படித்தான்’ என்று குடும்பங்கள் ஒதுக்கி வைத்திருந்த ஒன்று முதன்முறையாக எண்ணாகப் பதிவான சில இந்திய ஆய்வுகளுள் இதுவும் ஒன்று. இந்த எண் மருத்துவமனையின் புறநோயாளர் பதிவேட்டிலிருந்து கிடைத்ததன்று, ஊருக்குள் சென்றதால் கிடைத்தது. எண்ணுவதற்காக ஊருக்குள் போன மருத்துவம், குணப்படுத்துவதற்காக எப்போது போனது என்பதைத் தேடினால், வரலாறு அவ்வளவு சீராக அமையவில்லை.

முதுமையின் மனச்சோர்வு தீர்க்கக்கூடியதா என்ற ஐயம் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பே பெருமளவு நீங்கிவிட்டது. இங்கிலாந்தின் கிரேலிங்வெல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட முதிய நோயாளிகளின் பதிவுகளை மார்ட்டின் ராத் ஆராய்ந்து 1955-இல் வெளியிட்டார். அதுவரை முதியோரின் மனநோய்கள் பலவும் மூளைத் தேய்வின் பல முகங்களாகவே கருதப்பட்டு வந்தன. ராத் கையாண்ட வழி எளிமையானது. சேர்க்கப்பட்ட நோயாளி ஆறு மாதத்திலும் இரண்டு ஆண்டிலும் என்ன ஆனார் என்று மட்டும் பார்த்தார். மூளைத் தேய்வு எனப் பிரிக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் இறந்திருந்தனர். மனச்சோர்வு எனப் பிரிக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் வீடு திரும்பியிருந்தனர். ஒரே கூடத்தில், அடுத்தடுத்த கட்டிலில், ஒரே வயதினராய்ப் படுத்திருந்த இருவரின் விதி இவ்வளவு வேறுபட்டதென்றால் அவர்களது நோய் ஒன்றாக இருக்க முடியாது. முதுமை உளமருத்துவம் தனித் துறையாக எழுந்ததற்கு இக்கட்டுரை ஓர் அடித்தளம். ஆயினும் அதில் இடம்பெற்றவர் அனைவரும் மருத்துவமனையின் வாயிலைக் கடந்து உள்ளே வந்தவர்கள். வராதவர்களைப் பற்றி அது எதுவும் சொல்ல இயலாது.

அடுத்த முப்பது ஆண்டுகள் மருந்துகளின் காலம். சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் 1950-களின் நடுவில் இமிப்ரமினின் பயனைக் கண்டறிந்தபின் அவ்வகை மருந்துகள் பெருகின. முதியோரிடத்தில் அவை இருமுனைக் கத்தியாயின. எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் சரியும், சிறுநீர் தடைபடும், மலச்சிக்கல் வரும். மனம் தேறுவதற்குள் இடுப்பெலும்பு முறிந்த கதைகள் அக்கால மருத்துவர்களுக்குப் புதியவையல்ல. 1987-இன் இறுதியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஃபுளூவாக்சிட்டினும் அதன் வழிவந்தவையும் இந்த அச்சத்தைக் குறைத்தன. எனினும் நோயை முதலில் யாராவது கண்டறிய வேண்டுமே!

கண்டறிதலின் வரலாற்றில் ஒரு மொழிச் சிக்கல் மறைந்திருக்கிறது. பொதுவான மனச்சோர்வு அளவுகோல்கள் தூக்கம், பசி, உடற்சோர்வு பற்றிக் கேட்டன. எழுபது வயதில் மூட்டுவலியும் நீரிழிவும் உள்ள ஒருவர் மனச்சோர்வே இல்லாமலும் இம்மூன்றுக்கும் ‘ஆம்’ என்பார். ஆகவே ஜெரோம் யெசவேஜும் அவருடன் பணியாற்றியோரும் ஒரு புதிய அளவுகோலை உருவாக்கினர். நூறு கேள்விகளில் தொடங்கி முப்பதாகச் சுருக்கி, உடற்குறிகளை நீக்கி, ஆம், இல்லை என்ற இரு விடைகளோடு நிறுத்திக்கொண்டனர். அதன் விரிவான ஆய்வு அறிக்கை வெளிவந்ததும் 1982–83-இல்தான். மதுரைக் கணக்கெடுப்பின் அதே காலம். 1986-இல் அது பதினைந்து கேள்விகளாகக் குறுகி உலகெங்கும் பரவியது.

இந்த அளவுகோலில் ஒரு கேள்வி கவனிக்கத்தக்கது. வெளியே சென்று புதியன செய்வதைவிட வீட்டில் இருப்பதையே விரும்புகிறீர்களா என்ற பொருளில் அது அமைந்துள்ளது. நடமாடக்கூடிய முதியவர் ‘ஆம்’ என்றால் அது ஓர் அறிகுறி. பக்கவாதத்தால் கட்டிலோடு கிடப்பவரிடம் அதே கேள்வி எதை அளக்கிறது? ‘விரும்புதல்’ என்ற வினைக்கு இரண்டு வழிகளாவது திறந்திருக்க வேண்டும். ஒரு வழி அடைபட்டபின் விருப்பத்தைப் பற்றிய கேள்வி பொருளிழக்கிறது. உடற்குறிகளை அளவுகோலிலிருந்து வெளியேற்றியவர்கள் உடலை முழுவதும் வெளியேற்ற முடியவில்லை. வீட்டுப் பராமரிப்பில் இருப்போரே இக்கருவி மிகவும் தேவைப்படுவோர், அவர்களிடமே அது சற்றுத் தடுமாறுகிறது.

இந்தியாவுக்குள் வந்தபோது தடுமாற்றம் வேறு உருக்கொண்டது. அரியானாவின் பல்லப்கரில் மேரி கங்குலியும் உடன் ஆய்வாளர்களும் இதன் இந்தி வடிவத்தைக் கிராமப்புற முதியோரிடையே பயன்படுத்தி 1999-இல் வெளியிட்டனர். தாமே படித்து விடை குறிப்பதற்கென அமைந்த தாள், எழுத்தறியாதோர் நிறைந்த ஊரில் ஒருவர் வாய்விட்டுக் கேட்கும் நேர்காணலாக மாறியது. தாளில் தனித்துப் போடும் குறிக்கும், அயலார் ஒருவர் முன்னால், மருமகள் காதுபட, சொல்லும் விடைக்கும் வேறுபாடு உண்டு. தமிழிலும் இச்சிக்கல் குறைவன்று. ‘டிப்ரெஷன்’, ‘ஸ்ட்ரெஸ்’ இரண்டுக்கும் ‘மன அழுத்தம்’ என்றே நாளிதழ்கள் எழுதுகின்றன. ‘மனச்சோர்வு’ என்பது துறைநூல்களுக்குள் இருக்கிறது. நோயுற்ற மூதாட்டி இவ்விரண்டையும் சொல்வதில்லை. ‘ஒண்ணுமே பிடிக்கலை’, ‘நெஞ்சு பாரமா இருக்கு’, ‘யாருக்கும் பாரமா இருந்துடக் கூடாது’ என்பார். கடைசி இரண்டிலும் வரும் ‘பாரம்’ என்ற ஒரே சொல், ஒரு முறை உடலையும் மறுமுறை குடும்பத்தையும் சுட்டுகிறது. எந்த மொழிபெயர்ப்புப் பட்டியலிலும் இந்த நகர்வு அகப்படாது. எதிரில் அமர்ந்து கேட்பவரின் காதில்தான் அகப்படும்.

வீட்டுக்குள் இருப்போரின் நிலை என்ன என்பதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு அமெரிக்காவில் 2002-இல் வந்தது. அங்கு முதியோர் மருத்துவக் காப்பீட்டின்கீழ், வெளியே செல்ல இயலாதவரின் வீட்டுக்குச் செவிலியர் வந்து புண்ணுக்குக் கட்டுப் போடுவார், ஊசி போடுவார், மாத்திரைகளைச் சரிபார்ப்பார். மார்த்தா புரூஸ் குழுவினர் இத்தகைய வீட்டுச் செவிலிச் சேவையில் புதிதாகச் சேர்ந்த 539 முதியோரை நேர்கண்டனர். 13.5 விழுக்காட்டினருக்குக் கடும் மனச்சோர்வு இருந்தது. அவர்களுள் மருந்து பெற்றவர் 22 விழுக்காடு மட்டுமே, அதிலும் சிலருக்குப் போதிய அளவில்லை. எவருக்கும் பேச்சுவழிச் சிகிச்சை கிடைத்திருக்கவில்லை. இவர்கள் மருத்துவத்தின் கண்ணுக்குத் தப்பியவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற செவிலியர் அவர்களது கூடத்துக்கே வந்து, கட்டிலருகில் அமர்ந்து, காலைத் தொட்டுப் பார்த்துச் சென்றுகொண்டிருந்தார். காலைப் பார்க்கவே அவருக்குப் பணிக்கப்பட்டிருந்தது.

அதே ஆண்டில் யூர்கன் உனுட்சர் தலைமையிலான ‘இம்பாக்ட்’ ஆய்வின் முடிவுகளும் வெளிவந்தன. ஐந்து மாநிலங்களின் 18 முதல்நிலை மருத்துவமனைகளில் 1801 முதியோர். பராமரிப்பு மேலாளர் ஒருவர் நோயாளியைத் தொடர்ந்து கவனித்து, மருந்தையும் குறுகிய பேச்சுச் சிகிச்சையையும் ஒருங்கிணைத்தார். ஓராண்டில் அறிகுறிகள் பாதியாகக் குறைந்தோர் அக்குழுவில் 45 விழுக்காடு, வழக்கமான சிகிச்சை பெற்றோரிடையே 19. எண்கள் உறுதியானவை. ஆனால் இதற்கும் மருத்துவமனையோடு தொடர்பில் இருக்க வேண்டும்.

வீட்டுக்கே போன சிகிச்சையின் முதன்மையான சான்று சியாட்டிலிலிருந்து 2004-இல் வந்தது. ‘பேர்ல்ஸ்’ எனப்பட்ட அத்திட்டத்தை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பால் சீக்கனாவ்ஸ்கியும் உடனிருந்தோரும் நகரின் முதியோர் சேவை அமைப்புகளோடு சேர்ந்து நடத்தினர். பங்கேற்ற 138 பேரின் சராசரி வயது 73. பத்தில் ஏழு பேர் தனியாக வாழ்ந்தவர்கள். பாதிக்கும் மேலானோரின் ஆண்டு வருமானம் பத்தாயிரம் டாலருக்குக் கீழ். ஆலோசகர் வீட்டுக்கு வருவார். பத்தொன்பது வாரங்களில் எட்டு முறை, ஒவ்வொரு முறையும் ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடத்தில் நடப்பது ஆழ்மன ஆராய்ச்சியன்று. முதியவர் தம் சிக்கல்களுள் ஒன்றைத் தாமே தேர்ந்தெடுக்கிறார். சிதறிக் கிடக்கும் கவலையை ஒரு வாக்கியமாக்குகிறார். ‘என் வாழ்க்கை முடிந்துவிட்டது’ என்பது ‘வியாழக்கிழமைகளில் கடைக்குக் கூட்டிப் போக ஆளில்லை’ என்று சுருங்குகிறது. அதற்குரிய வழிகளை எண்ணி, ஒன்றைத் தெரிந்து, அடுத்த சந்திப்புக்குள் செய்து பார்க்கிறார். கூடவே சிறு உடலசைவு, ஒரு பழைய நட்பைப் புதுப்பித்தல், மகிழ்ச்சி தரும் ஏதேனும் ஒரு செயல். தேவைப்பட்டால் மருந்தைப் பற்றி அவரது மருத்துவருக்குப் பரிந்துரை போகும். ஓராண்டு முடிவில் அறிகுறிகள் பாதியாகக் குறைந்தோர் 43 விழுக்காடு, ஒப்பீட்டுக் குழுவில் 15.

இம்முறை எங்கிருந்தோ திடீரென முளைத்ததன்று. டிசூரில்லாவும் கோல்ட்ஃபிரைடும் 1971-இல் முன்வைத்த சிக்கல் தீர்க்கும் பயிற்சியை, ஆக்ஸ்ஃபர்டில் மைனர்ஸ்-வாலிஸ் போன்றோர் 1990-களில் குடும்ப மருத்துவரின் அறைக்குள் கொண்டுவந்தனர். சியாட்டில் அதை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுசென்றது. ஒவ்வொரு நகர்விலும் சிகிச்சை எளிமையானது, சிகிச்சை தருபவரின் பட்டமும் சிறிதானது. இதைத் தரக்குறைவு என்று கருதியோர் உண்டு. முடிவுகள் அவ்வாறு சொல்லவில்லை. ஒன்றை மட்டும் மறைக்கலாகாது. சியாட்டிலில் பங்கேற்றோர் சிறு அளவிலான அல்லது நாட்பட்ட மிதமான மனச்சோர்வு உடையோர், கடும் மனச்சோர்வு உடையோர் சேர்க்கப்படவில்லை. ஆகவே அதன் வெற்றியை எல்லா முதியோருக்கும் நீட்டுவது பிழை. 2010 முதல் அமெரிக்க வீட்டுச் செவிலிச் சேவையின் மதிப்பீட்டுப் படிவத்தில் மனச்சோர்வுக் கேள்விகள் இடம்பெற்றன. வழக்கமான வருகைக்குள்ளேயே மனச்சோர்வைக் கவனிக்கச் செவிலியருக்குப் பயிற்சியளித்த புரூஸ் குழுவின் அடுத்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. மொத்தக் குழுவில் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. நடுத்தர, கடும் அறிகுறி உடையோரிடையே மட்டும் பயன் தெரிந்தது. கட்டுப் போட வந்தவர் கூடவே கவனிப்பதற்கும், அதற்காகவே ஒருவர் ஐம்பது நிமிடம் ஒதுக்கி வருவதற்கும் உள்ள இடைவெளியை இவ்விரு ஆய்வுகளும் சேர்ந்து காட்டுகின்றன என்று கொள்ளலாம், நோயின் அளவும் ஆய்வின் அமைப்பும் வேறு என்பதை மறவாமல்.

அமெரிக்காவில் வீட்டுப் பராமரிப்பு என்பதற்கு ஓர் அமைப்பும் காப்பீடும் படிவமும் உண்டு. இந்தியாவில் முதியோரின் நீள்காலப் பராமரிப்பு என்ற துறையின் பெயர் பெரும்பாலும் ‘மருமகள்’ என்பதே. 1975-இல் பெங்களூரு அருகே சக்கலவாராவிலும் சண்டிகர் அருகே ராய்ப்பூர் ராணியிலும் தொடங்கிய முயற்சிகள், மனநல மருத்துவத்தை ஆரம்ப சுகாதாரப் பணியாளரிடம் ஒப்படைக்க முடியும் என்று காட்டின. 1982-இன் தேசிய மனநலத் திட்டமும் பின்வந்த பெல்லாரி மாதிரியும் அவ்வழியில் நடந்தவை. அவற்றின் பார்வை முதலில் மனப்பிளவு, வலிப்பு போன்றவற்றின் மீது நின்றது. நியாயமான முன்னுரிமைதான். ஆனால் திண்ணையின் மூலையில் பேச்சு குறைந்து அமர்ந்திருக்கும் கிழவர் எந்தச் சுகாதாரப் பணியாளரின் பட்டியலிலும் ஏறவில்லை. முதியோருக்கான சட்டங்களும் கொள்கைகளும், 1999-இன் தேசியக் கொள்கை, 2007-இன் பெற்றோர் பராமரிப்புச் சட்டம், 2010-இல் வந்த முதியோர் நலத் திட்டம் எனத் தனி வழியில் வளர்ந்தன.

இவ்விரு வழிகளும் சந்தித்த இடம் கோவா. 2008-இல் அமித் டயஸும் உடன் ஆய்வாளர்களும் மறதிநோயாளிகளைக் கவனிக்கும் 81 குடும்பங்களில் ஒரு சோதனை நடத்தினர். உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆலோசகர் வீட்டுக்குச் சென்றார். பராமரிப்பவரின் மனநலம் தேறியது. நோயாளியின் வீட்டில் நோயாளியல்லாத இன்னொருவரும் சோர்ந்து கிடக்கிறார் என்பதை ஏற்றுக்கொண்ட ஆய்வு அது. 2010-இல் விக்ரம் படேல் குழுவின் ‘மானஸ்’ ஆய்வு வந்தது. 24 மருத்துவமனைகள், 2796 நோயாளிகள். மருத்துவப் பின்னணி இல்லாத உள்ளூர்ப் பெண்கள் சுமார் இரு மாதப் பயிற்சியுடன் ஆலோசகர்களாயினர். அரசு நிலையங்களில் ஆறு மாதத்தில் குணமடைந்தோர் 65.9 விழுக்காடு, ஒப்பீட்டில் 42.5. தனியார் மருத்துவமனைகளில் வேறுபாடே இல்லை. அங்கே வழக்கமான சிகிச்சையிலேயே அதே அளவினர் தேறினர். மருத்துவர் நோயாளியோடு செலவிடும் நேரத்தை நினைத்தால் இதில் வியப்பில்லை. ஏழைக்குக் குறைவாகக் கிடைத்துவந்ததை ஆலோசகர் ஈடுசெய்தார் என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது.

இந்த மரபில் வந்த ‘தில்’ ஆய்வு (இந்தியில் இதயம் என்ற சொல்லாகவும், ‘பிற்கால வாழ்வின் மனச்சோர்வு’ என்பதன் ஆங்கிலச் சுருக்கமாகவும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் பெயர்) 2019-இல் வெளியானது. டயஸும் பிட்ஸ்பர்கின் சார்லஸ் ரெனால்ட்ஸும் உள்ளிட்ட குழு, கோவாவில் அறுபது கடந்த 181 பேரைச் சேர்த்தது. அவர்களுக்கு மனச்சோர்வின் தொடக்க அறிகுறிகள் உண்டு, முழு நோய் இன்னும் இல்லை. ஓராண்டில் ஆலோசனை பெற்ற 91 பேருள் நால்வருக்கே கடும் மனச்சோர்வு வந்தது. வழக்கமான கவனிப்பு பெற்ற 90 பேருள் பதின்மூவருக்கு வந்தது. ஆய்வு சிறியது, எண்களும் சிறியவை. எனினும் நோயை வருமுன் தடுப்பது என்ற நோக்கில், சாதாரணக் கல்வி உடையோரின் கையால், முதியோரிடையே கிடைத்த முடிவு என்பதால் இது கவனம் பெற்றது.

அதன் உள்ளடக்கம் எண்களைவிட வளமானது. நான்கு பகுதிகள். சியாட்டிலுக்குப் போன அதே சிக்கல் தீர்க்கும் முறை. உறக்கமின்மைக்கான குறுகிய நடத்தைப் பயிற்சி. நீரிழிவு போன்ற உடல்நோய்களில் தன்கவனிப்பு. நான்காவது, மருத்துவ, சமூகநலத் திட்டங்களின் பயனைப் பெற உதவுதல். மனநூல்களில் இடம்பெறாத இந்த நான்காவதை உளச்சிகிச்சையின் ஒரு பகுதியாகவே அமைத்தது துணிவான செயல். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு மத்திய அரசு தரும் ஓய்வூதியப் பங்கு மாதம் 200 ரூபாய், எண்பதைக் கடந்தால் 500. தொகை சிறிது. ஆனால் அதைப் பெறச் சான்றிதழ், கைரேகை, வங்கிக் கணக்கு, மூன்று முறை அலைச்சல். ரேகை தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்கவில்லை என்றால் ஆள் உயிரோடு இருப்பதற்கே சான்று வேண்டும். ‘நம்பிக்கையின்மை’ என்று அளவுகோல் பதிவுசெய்வதன் ஒரு பகுதி இந்த வரிசையில் நின்று உருவானது. அதனைச் சிந்தனைப் பிழை என்று மட்டும் அணுகும் சிகிச்சை, முதியவரைவிட நிலைமையை அறியாதது.

கேரளம் இதே இடத்துக்கு வேறு வாசல் வழியாக வந்தது. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்புச் சங்கமும், அதன் தொடர்ச்சியாக மலப்புறத்தில் உருப்பெற்ற அண்டைவீட்டார் வலையமைப்பும், 2008-இன் மாநிலக் கொள்கையும் சேர்ந்து ஊராட்சிதோறும் வீட்டுக்குச் செல்லும் செவிலியரையும் தன்னார்வலரையும் உருவாக்கின. புற்றுநோய் வலியில் தொடங்கியது, படுக்கையில் கிடக்கும் முதியோர் எல்லோரையும் தழுவியது. மனச்சோர்வுச் சிகிச்சை என்று அதற்குப் பெயரில்லை, ‘தில்’ போன்ற எண்களும் அதன் நோக்கமல்ல. ஆனால் குழாய் மாற்ற வருபவர், தேநீர் குடித்து, பேரனின் வேலை பற்றிக் கேட்டுவிட்டுப் போகும் வழக்கத்தை அது மாநிலம் முழுவதும் நிலைநிறுத்தியது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட தமிழ்நாட்டின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுவாசலுக்கு இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளையும் இயன்முறை சிகிச்சையையும் வலிதணிப்பையும் கொண்டுவந்தது. கால்கள் வாசலை அடைந்துவிட்டன. அங்கே நின்று எவ்வளவு நேரம் பேசலாம் என்பது வேறு கணக்கு.

அந்தக் கணக்கு ஆய்விதழ்களில் அரிதாகவே வருகிறது. கோவாவின் ஆலோசகர்கள் ஆய்வின் நிதியில் பணியமர்ந்தவர்கள். ஆய்வு நிதிக்கு முடிவுத் தேதி உண்டு, முதுமைக்கு இல்லை. நாட்டின் சுகாதார மையங்களின் விரிவாக்கப்பட்ட பன்னிரு சேவைகளில் முதியோர்–வலிதணிப்புப் பராமரிப்பு ஒன்று, மனநலம் இன்னொன்று. வீடுவீடாகச் செல்லும் ஆஷா பணியாளர் அரசுக் கணக்கில் ஊழியரல்லர், தன்னார்வலர். அவரது வருவாயின் பெரும்பகுதி செயல்வாரியான ஊக்கத்தொகை. தடுப்பூசிக்கு அழைத்து வந்தால் எண்ணலாம், பேறுகாலத்துக்கு உடன் சென்றால் எண்ணலாம். ஒரு முதியவர் தம் கவலையை ஒரு வாக்கியமாக்கும்வரை காத்திருந்த ஐம்பது நிமிடத்தை எந்த அலகில் எண்ணுவது? ‘பணிப் பகிர்வு’ என்று கோட்பாட்டில் அழகாகச் சொல்லப்படுவது, நடைமுறையில் மலிவான உழைப்பை மேலும் மலிவாக்கும் சொல்லாக மாறும் வாய்ப்பு மிகுதி. கோவா ஆய்வுகள் நிறுவியது, குறைந்த பட்டம் போதும் என்பதை. குறைந்த ஊதியம் போதும் என்பதை அவை எங்கும் நிறுவவில்லை.

2017–18-இல் நடந்த இந்திய முதுமை நெடுந்தொடர் ஆய்வின் முதல் சுற்றில், அறுபது கடந்தோருள் 8.3 விழுக்காட்டினருக்குக் கடும் மனச்சோர்வு இருக்கக்கூடும் எனக் கேள்விகளின்வழி கணிக்கப்பட்டது. மருத்துவர் அவ்வாறு சொன்னதாகத் தாமே கூறியோர் 0.8 விழுக்காடு. ஏறத்தாழ பத்துக்கு ஒன்று. அளவுகோலும் ஆய்வுமுறையும் வேறானதால் மதுரையின் 60-ஐயும் இதையும் நேரடியாக ஒப்பிட முடியாது. கணக்கெடுப்பவர் கண்டதற்கும் சிகிச்சையாளர் கண்டதற்கும் இடையிலான பள்ளத்துக்கு மட்டும் இப்போது ஓர் அளவு கிடைத்திருக்கிறது.

2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு ‘டெலி மானஸ்’ என்ற தொலைபேசி ஆலோசனைச் சேவையைத் தொடங்கியது. பல இந்திய மொழிகளில், கட்டணமின்றி, எந்நேரமும். இளையோருக்கு அதன் பயன் வெளிப்படை. வீட்டுப் பராமரிப்பில் உள்ள முதியவர் அதை அழைக்க வேண்டுமானால் முதலில் காது கேட்க வேண்டும். எண் நினைவிருக்க வேண்டும். தம் துயரத்தின் பொருளாக இருக்கக்கூடிய மகனிடமோ மருமகளிடமோ கைபேசியைக் கேட்டு வாங்கி, அவர்கள் அடுத்த அறைக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டும்.